புதுப்பிப்பு: எஃபிஜி மவுண்ட்ஸ் தனிநடை முடிந்தது

ஜூலை வெயிலில், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பழைய விலங்கு வடிவ மண்மேடுகள் உள்ள எஃபிஜி மவுண்ட்ஸில் தனியாக நடக்க 2 லிட்டர் தண்ணீர் போதுமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். மூன்று கொண்டுபோகச் சொன்னவர்களுக்கு நன்றி. ஹேங்கிங் ராக் வரை போய்த் திரும்ப சுமார் 11 கிலோமீட்டர். கடைசி மடக்குவரை தேவைப்பட்டது.

முதல் ஏற்றம்தான் கடினம். அப்புறம் மர நிழல், ஆனால் ஒரே புழுக்கம், கொசு. ஃபயர் பாயிண்ட் என்ற காட்சிமுனையில் காடு சட்டென்று விலகியது. கீழே மிசிசிப்பி, தீவுகளுக்கிடையே கிளை கிளையாகப் பிரிந்து கிடந்தது. அரை மணி நேரம் எழுந்திருக்கவே மனம் வரவில்லை.

கரடி வடிவிலுள்ள ‘பெரிய கரடி மேடு’ ஏறத்தாழ 42 மீட்டர் நீளம், பூர்வகுடி மக்கள் மண் சுமந்து எழுப்பியது. அதன் அருகே என் காலடிச் சத்தமே அதிகமாகத் தோன்றியது.

இறங்கும்போது மணி இரண்டு. அடுத்த முறை காலையிலேயே கிளம்பிவிடுவேன்.