உதவி: வேலி போட்டுப் பன்னெண்டு நாள்தான், மூலைக்கால் சாயுது. மீதிப் பணம் கொடுக்கலாமா?

மஞ்சக்குப்பத்துப் பொண்ணு:

வீடு கடலூர்ல, தேவனாம்பட்டினம் போற பக்கம். கடல் ஒரு கிலோமீட்டர் இருந்தா அதிகம். அம்மா மட்டும்தான் அங்க இருக்காங்க, நான் சென்னையில. மனை 40க்கு 60. தெருப்பக்கம் சுவர், மத்த மூணு பக்கமும் கருங்கல் கால் நட்டு முள்கம்பி வேலி. அப்பா காலத்துல போட்டது. கம்பியைத் தொட்டா துரு பொடியா உதிருது, ஆடு ஒண்ணு தினமும் உள்ள வந்து முருங்கைக் கன்னை மேஞ்சுட்டுப் போகுது. மாத்திடலாம்னு தெரிஞ்சவங்க மூலமா ஒரு கான்ட்ராக்டரைப் பிடிச்சோம்.

பேசினது இது: 160 ரன்னிங் அடி, அடிக்கு 240 ரூபாய், ஆக 38,400. ஏழடி சிமெண்ட் கால், அஞ்சடி உயரத்துக்கு பிவிசி பூசின பச்சை டைமண்ட் வலை. "பழசைக் கழட்டி அள்ளிட்டுப் போறது எங்க பொறுப்பு"ன்னார். 25,000 அட்வான்ஸ் அனுப்பினேன். துண்டுச் சீட்டுல எழுதிக் கொடுத்தது ஒரே வரி: "10 கேஜ் பச்சைக் கம்பி, கால், லேபர் உள்பட."

வேலை ரெண்டே நாள்ல முடிஞ்சுது. முதல் நாள் கால் நட்டாங்க, மறுநாள் காலையிலயே வலையை இழுத்துக் கட்டிட்டாங்க. இப்போ கிணத்துப் பக்கத்து மூலைக்கால் உள்பக்கமா சாயுது. வலை ஒவ்வொரு இடைவெளியிலயும் தொப்பை போட்ட மாதிரி தொங்குது. அதே ஆடு கீழ்ப்பக்கம் தலையை விட்டுத் தூக்கிட்டு உள்ள வந்துடுச்சு. கேட்டா, "மழையில மண்ணு இளகியிருக்கும்மா, தானா செட் ஆயிடும்"ங்கிறார். மீதி 13,400 கேட்டு தினமும் அம்மாவுக்கு போன்.

இது தானா சரியாகுமா? பணத்தைக் கொடுத்துட்டு சரி பண்ணச் சொல்றதா, இல்ல நிறுத்தி வைக்கிறதா? வேற ஆளை வெச்சு சரி பண்ண முடியுமா?

இன்னொண்ணு. பழைய கல்லுக்கால் பதினஞ்சையும் வண்டியில ஏத்திட்டுப் போயிட்டாங்க. அம்மாவுக்கு வேலி சாயுறதை விட இதுதான் கோபம்.

பழைய மேஸ்திரி:

உங்க அம்மா கோபப்படுறது நியாயம்மா. கடல் காத்துல கம்பி போகும், கருங்கல் போகாது. கம்பியை மட்டும் மாத்தியிருந்தா போதும். தானே புயல்ல, 2011 டிசம்பர் 30ல, பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோட சாஞ்சுது. அன்னிக்கும் எத்தனையோ வேலியில கல்லுக்கால் அப்படியே நின்னதைப் பார்த்தவன் நான். சிமெண்ட் காலுக்கு உள்ள கம்பி இருக்கு. உப்புக்காத்து அதுல ஏறினா கம்பி ஊதி, மேல இருக்கிற சிமெண்டைப் பிளந்து தள்ளும். கல்லை எடுத்துட்டு சிமெண்டை நட்டது உங்களுக்காக இல்லை, கல்லுக்கு வெளியில விலை இருக்கு.

தானா சரியாகாது. இன்னும் சாயும். முதல்ல மூணு விஷயம் பார்த்துச் சொல்லுங்க. மொத்தம் எத்தனை கால்? மூலையில முட்டுக்கால் கொடுத்திருக்காங்களா? மண்ணுக்குள்ள கால் எவ்வளவு இறங்கியிருக்கு?

மஞ்சக்குப்பத்துப் பொண்ணு:

அம்மா எண்ணிட்டாங்க. 14 கால். முட்டுக்கால் ஒண்ணுகூட இல்லை. ஆழம் நாளைக்குத் தோண்டிப் பார்க்கிறேன்னாங்க.

பழைய மேஸ்திரி:

14 கால்னா ஒண்ணுக்கொண்ணு பன்னெண்டு, பதிமூணு அடி வருது. பத்தடிக்கு மேல விடக்கூடாது, எட்டடி இருந்தா நல்லது. பத்தடிக் கணக்குல பார்த்தாலே உங்க அளவுக்கு 17 கால் வரணும்.

மூலையில வலையோட இழுவை ரெண்டு பக்கத்துலேர்ந்தும் வரும். அதைத் தாங்க வேலி ஓடுற திசையில சாய்வா ஒரு கால் முட்டுக் கொடுக்கணும், மூலைக்கு ரெண்டு. சுவரை ஒட்டி வேலி முடியுற ரெண்டு முனையிலயும் ஒவ்வொண்ணு. ஆக உங்களுக்கு ஆறு முட்டு. ஒண்ணும் இல்லாம இழுத்தா மூலைக்கால் உள்பக்கம்தான் சாயும், மழை மேல பழி போடறது சும்மா பேச்சு. அதுவும் கான்கிரீட் போட்ட மறுநாளே இழுத்திருக்காங்க. ஒரு வாரம் தண்ணி காட்டி விட்டிருக்கணும்.

கம்பிக்கடை ஆள்:

நான் இந்த வியாபாரத்துலதான் இருக்கேன், அதனால காலைப் பத்தி மேஸ்திரி சொல்லட்டும், நான் கம்பியைப் பத்திச் சொல்றேன். "10 கேஜ் பச்சை"ன்னு எழுதினதுல ஒரு ஓட்டை இருக்கு. பிவிசி பூசின கம்பியில வெளி கேஜ் வேற, உள் கேஜ் வேற. மேல பிளாஸ்டிக்கோட சேர்த்து 10 கேஜ் வரும், உள்ள இரும்பு 12ஆ இருக்கலாம், 14ஆகவும் இருக்கலாம். கடையில கேட்கத் தெரிஞ்சவங்க "உள்ள எத்தனை?"ன்னுதான் முதல்ல கேட்பாங்க.

கேஜ் நம்பர் ஏற ஏறக் கம்பி மெலியும். 10ன்னா 3.25 மில்லிமீட்டர், 12ன்னா 2.64, 14ன்னா 2.03. கேட்க கொஞ்சம்தானேன்னு தோணும். எடையில பாருங்க: 10ஐ விட 12ல இரும்பு மூணுல ஒரு பங்கு கம்மி. 14ல பாதிக்கும் கீழ போயிடும். வலை கிலோ கணக்குலதான் வாங்கறது, அதனால லாபம் எங்க நிக்குதுன்னு புரிஞ்சுக்கலாம்.

அளக்கக் கருவி வேண்டாம். வேலை நடந்த இடத்துல வெட்டின துண்டு கிடக்கும். மடிப்புக்கும் மடிப்புக்கும் நடுவுல நேரா இருக்கிற இடத்தை கட்டிங் பிளேயர்ல நறுக்கி, பிளேடால பச்சையைச் சுரண்டிட்டு, பத்துத் துண்டை ஸ்கேல் மேல ஒட்டி ஒட்டி அடுக்கச் சொல்லுங்க. மொத்த அகலம் 3.2 சென்டிமீட்டர்னா 10 கேஜ், 2.6ன்னா 12, ரெண்டுன்னா 14.

தென்பெண்ணைக் கரை:

எல்லாரும் அந்த ஆளைத் திட்டுறீங்க. அடிக்கு 240க்கு அஞ்சடி உயரம், பிவிசி வலை, ஏழடி கால், முட்டு, ஜல்லி, கூலி எல்லாம் வரணும்னா எப்படி? ரேட்டை அடிச்சுப் பேசினா எங்கேயாவது குறைப்பாங்க. 13,400 நிறுத்தினா கடைசியில அடிபடுறது கூலிக்கு வந்த பசங்கதான்.

மஞ்சக்குப்பத்துப் பொண்ணு:

நாங்க பேரமே பேசலைங்க. அவர் சொன்னதுதான் 240.

முதலியார்பேட்டை:

கூலிக்காரங்க பணம் 25,000லேர்ந்தே போயிருக்கும், அதைச் சொல்லி உங்களை உருக வைப்பாங்க. எனக்குப் புதுச்சேரியில போன வருஷம் இதே கதை. நான் மீதியைக் கொடுத்துட்டு "சரி பண்ணிடுங்க"ன்னேன். அதுக்கப்புறம் போன் எடுக்கிறதே இல்லை. நானே கம்பி வாங்கிக் கட்டிக்கிட்டேன். கையில 13,400 இருக்கிற வரைக்கும்தான் உங்க பேச்சுக்கு மதிப்பு. கொடுக்க மாட்டேன்னு சொல்லாதீங்க, வேலை முடிஞ்ச அன்னிக்கே தர்றேன்னு வாட்ஸ்அப்ல எழுத்தா அனுப்புங்க. என்னென்ன பாக்கின்னு அதுலயே எழுதிடுங்க. அம்மாவை போன் எடுக்க வேண்டாம்னு சொல்லிட்டு, பேச்சை உங்க நம்பருக்கு மாத்துங்க.

இன்னொரு அவசர விஷயம். பழைய கல்லுக்கால்தான் உங்க எல்லை. அது இப்போ இல்லை. புது வேலி அதே கோட்டுல போகுதா? பழைய குழி மூடறதுக்குள்ள டேப் வெச்சு, சுவரிலேர்ந்து எவ்வளவு தூரம்னு தெரியுற மாதிரி போட்டோ எடுக்கச் சொல்லுங்க. பின்னாடி பக்கத்து மனைக்காரர் மாறினா இந்தப் போட்டோவைத் தேடுவீங்க. குழப்பம்னு தோணினா சர்வேயருக்கு மனு போட்டு அளந்து கல் போட்டுக்கிறது நல்லது.

மஞ்சக்குப்பத்துப் பொண்ணு:

அம்மா கடப்பாரையால ஒரு காலோரம் தோண்டிட்டாங்க. 17 அங்குலத்துல அடி தட்டுது. மேல அஞ்சடி, கீழ 17 அங்குலம்னா கால் ஏழடி இல்லை, ஆறரைதான். குழியில கான்கிரீட்னு சொன்னது, மேலாக ரெண்டு சட்டி கொட்டினது மாதிரி இருக்காம். கீழ வெறும் மணல்.

கம்பியும் அளந்தாச்சு. என் பழைய பள்ளிக்கூட ஸ்கேல்ல, வீடியோ காலை ஆன் பண்ணி வெச்சு, பத்துத் துண்டை அடுக்கினாங்க. ரெண்டு சென்டிமீட்டருக்கு ஒரு கோடு தாண்டுது. 14 கேஜ். பச்சையைச் சுரண்டாம அடுக்கினப்போ 3.2 வந்துது, அதையும் போட்டோ எடுத்துட்டேன்.

குழி விஷயத்துல தப்பிச்சோம். பழைய கோட்டுலதான் நட்டிருக்காங்க, பக்கத்து வீட்டு அக்காவையும் கூட நிக்க வெச்சுப் படம் எடுத்தாச்சு.

கம்பிக்கடை ஆள்:

பார்த்தீங்களா. "10 கேஜ்தான் கொடுத்தேன்"னு அவர் சத்தியமே பண்ணலாம், சீட்டுல எழுதினபடி அது பொய்யும் இல்லை. கம்பி விஷயத்துல ரொம்ப இறுக்காதீங்க, விலையில குறைக்கச் சொல்லுங்க. கால் ஆறரை அடிங்கிறதுக்கும் முட்டு இல்லைங்கிறதுக்கும் அவர்கிட்ட பதில் கிடையாது, அதைப் பிடிங்க.

பழைய மேஸ்திரி:

நான் ஒரு வழி சொல்றேன், செலவு கம்மி. கல்லுக்காலைத் திருப்பிக் கேளுங்க. மூலை ரெண்டும், சுவரோர முனை ரெண்டும் கல்லா மாத்திடச் சொல்லுங்க. மணல் பாங்கான இடம், குழி ரெண்டரை அடி தோண்டணும், ஒண்ணுக்கு ரெண்டு, நாலுன்னு சிமெண்ட், மணல், ஜல்லி கலந்து அடியிலேர்ந்து நிரப்பணும். முட்டுக்கும் கல்லையே சாய்ச்சுப் போடலாம், நம்ம ஊர்க் கொல்லையில எல்லாம் அப்படித்தானே இருக்கு. கழட்டின நாலு சிமெண்ட் காலை அகலமான இடைவெளியில நட்டுக்கலாம். மத்த காலுக்குச் சுத்தி ஒரு முழம் பறிச்சு கான்கிரீட் போட்டா நிக்கும்.

ஒரு வாரம் கழிச்சு வலையைக் கட்டறதுக்கு முன்னாடி மேல, நடுவுல, கீழன்னு மூணு இழுகம்பி ஓட்டணும். வலையை அதுல கட்டணும். உங்க வேலியில அது இல்லாததாலதான் தொப்பை, ஆடு தூக்கினதும் அதனாலதான். கட்டுக்கம்பி சாதாரணமா இருந்தா முதல்ல துரு பிடிக்கும், பிவிசி கட்டுக்கம்பியே கேளுங்க.

முதலியார்பேட்டை:

ஒத்துக்கலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுக்கும் மசியலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்க இருக்கிற ஊர்லயே போடலாம், வக்கீல் கட்டாயம் இல்லை, 5 லட்சம் வரைக்கும் மனுக் கட்டணமும் இல்லை. ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். ஆனா 38,000 ரூபாய் வேலிக்கு அலையணுமான்னு யோசிச்சுக்கோங்க. சொல்லி வைக்கிறதே பாதி வேலை செய்யும்.

மஞ்சக்குப்பத்துப் பொண்ணு:

மூணு வாரம் கழிச்சு எழுதுறேன், மன்னிக்கணும்.

ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போய் அவரை வரச் சொன்னேன். முதல்ல, "கம்பி 10 கேஜ்தான்மா, கடைக்காரன் கொடுக்கிறதைத்தானே போட முடியும்"ன்னார். அம்மா ஒண்ணும் பேசாம ஸ்கேலையும் பத்துத் துண்டையும் திண்ணையில அடுக்கி வெச்சாங்க. கொஞ்ச நேரம் பார்த்தார். "உள்கம்பி அப்படித்தான் வரும்"ன்னார். சரி, கால் ஏன் ஆறரை அடின்னு கேட்டேன். அதுக்கு அவர் கூட வந்த பையனைப் பார்த்தார்.

கல்லுக்கால் பதினஞ்சுல பதினொண்ணு திரும்பி வந்துது. நாலு வித்துட்டாராம். மேஸ்திரி ஐயா சொன்ன மாதிரியே மூலையும் முனையும் நாலு, முட்டு ஆறு, எல்லாம் கல்லுதான். ஒரு வாரம் அம்மா காலையும் சாயங்காலமும் குழிக்குத் தண்ணி ஊத்தினாங்க. அப்புறம் இழுகம்பி ஓட்டி வலையைக் கட்டினாங்க. இப்போ தட்டினா டங்குன்னு நிக்குது. வித்த கல்லுக்கும் கம்பிக்கும் கழிச்சு, வேலை முடிஞ்ச அன்னிக்கே 8,000 கொடுத்தேன். முகத்தைச் சுளிச்சுட்டுத்தான் வாங்கினார்.

தென்பெண்ணைக் கரை அண்ணா, கூட வந்த ரெண்டு பசங்களுக்கும் கூலி வந்துச்சான்னு தனியா கேட்டேன். வந்துடுச்சாம்.

பழைய மேஸ்திரி:

கல்லு பதினொண்ணு வந்துதுன்னீங்க. நாலும் ஆறும் பத்துதானே. மிச்சம் ஒண்ணு எங்கம்மா?

மஞ்சக்குப்பத்துப் பொண்ணு:

கொல்லையில நட்டாச்சு ஐயா. அம்மா அதுல துணிக்கொடி கட்டியிருக்காங்க.