கரிமணல் சண்டையில் "ஆய்வே சொல்லுது" என்று வருவதை எப்படிச் சரிபார்ப்பது?

கடியப்பட்டணம்காரன்:
கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் பக்கம் கரிமணல் (இயற்கையாகவே கொஞ்சம் கதிர்வீச்சு உள்ள கடற்கரை மணல்) எடுக்கலாமா கூடாதா என்ற பேச்சு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஓய்ந்தபாடில்லை. கொல்லத்தில் இருக்கும் சித்தப்பா ஒரு லிங்க் போட்டு, "மணலில் இருக்கும் கதிர்வீச்சால் கேன்சர் வராது, ஆய்விலேயே நிரூபிச்சாச்சு" என்கிறார். உடனே குளச்சல் மச்சான் ஒரு படம் போடுகிறார், நம்ம மாவட்டத்தில் கேன்சர் மற்ற ஊர்களைவிடப் பல மடங்கு என்று. யார் கணக்கெடுத்தது, எந்த வருஷம், ஒன்றும் அதில் இல்லை. நான் மணல் எடுப்பதை எதிர்க்கிற ஆள். அதனால்தான் கேட்கிறேன்: நம் பக்கத்தில் ஒரு எண் பொய்யாகிவிட்டால் மற்ற எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். புள்ளியியல் படிக்காதவன் எதைப் பார்க்க வேண்டும்?

தக்கலை_கணக்கு:
சித்தப்பா போட்டது அநேகமாகக் கருநாகப்பள்ளி ஆய்வாக இருக்கும், கேரளத்தில் கொல்லம் பக்கத்துக் கரிமணல் கரையில் செய்தது. 2009இல் 'ஹெல்த் பிசிக்ஸ்' இதழில் வந்தது, கிண்டல் பண்ணித் தள்ளிவிடக்கூடிய சரக்கு இல்லை. சுமார் 70 ஆயிரம் பேரை சராசரியாகப் பத்தரை வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள், வீட்டுக்குள்ளும் வெளியிலும் கதிர்வீச்சை அளந்தார்கள். கூடுதல் கதிர்வீச்சு உள்ள இடத்தில் கேன்சர் கூடியதாகத் தெரியவில்லை என்றுதான் முடிவு. ஆனால் அதை "நிரூபிச்சாச்சு" என்று சொல்ல முடியாது. மொத்தம் 1,379 பேருக்குக் கேன்சர் வந்திருந்தது, அதில் 30 பேருக்கு ரத்தப் புற்றுநோய். ரத்தப் புற்றுநோயைத் தவிர்த்துப் போட்ட கணக்கில் ஒரு கிரே (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சுக்குக் கூடுதல் ஆபத்து −0.13 என்று வருகிறது, அதன் வரம்பு −0.58இலிருந்து 0.46 வரை. அதாவது ஆபத்து குறைவாகவும் இருக்கலாம், ஓரளவு கூடவும் இருக்கலாம், இரண்டுக்கும் அந்தத் தரவில் இடம் இருக்கிறது.

அதைவிட முக்கியம், அந்த ஆய்வு யாரைப் பார்த்தது என்பது. 30 முதல் 84 வயதுக்காரர்கள், இயற்கையாகவே அந்த மண்ணில் குடியிருப்பவர்கள். குழந்தைகளைப் பற்றி அது பேசவே இல்லை. மணலைத் தோண்டிப் பிரிக்கும் இடத்தில் தூசி சுவாசிக்கிற தொழிலாளியைப் பற்றியும் இல்லை. கடல் அரிப்பு, கட்டுமரம் ஏற்ற இடம் இல்லாமல் போவது, கிணற்றுத் தண்ணீர் இதெல்லாம் அதன் கேள்வியே கிடையாது. கிள்ளியூரில் மணல் எடுக்கலாமா என்று கேட்டால் இதைப் பதிலாக நீட்டுவது, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது. சித்தப்பாவிடம் ஆய்வு பொய் என்று சொல்லாதீங்க, அது பொய் இல்லை. "இது எதை எண்ணியது, யாரிடம் எண்ணியது" என்று மட்டும் கேளுங்கள்.

குழித்துறை சிஸ்டர்:
மச்சான் படத்தையும் இதே மாதிரி கேட்கணும். நான் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறேன், நோயாளிகளைத் தினமும் பார்க்கிறேன், அந்தக் குடும்பங்களின் பயம் எனக்குத் தெரியும். ஆனால் நம்ம மாவட்டத்தில் படித்தவர்கள் அதிகம் (2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம்), திருவனந்தபுரம் ஆர்.சி.சி. கேன்சர் ஆஸ்பத்திரி பஸ்ஸில் போய்வரும் தூரம், பிள்ளைகள் கல்ஃபில், ஊரில் வயசானவர்கள். வயசு கூடினால் கேன்சர் கூடும், போய் சோதித்தால் கண்டுபிடிப்பதும் கூடும். தென் கொரியாவில் 1993க்கும் 2011க்கும் இடையில் தைராய்டு கேன்சர் 15 மடங்கு ஆனது, ஆனால் அதில் இறந்தவர்கள் எண்ணிக்கை கூடவில்லை. ஸ்கேன் பண்ணப் பண்ணக் கிடைத்துக்கொண்டே இருந்தது, அவ்வளவுதான். அதனால் வயசு வித்தியாசத்தைச் சரிசெய்த விகிதமா, சும்மா தலை எண்ணிக்கையா என்று பாருங்கள். அது எழுதியிராத படத்தை நான் யாருக்கும் அனுப்புவதில்லை.

தோவாளை அண்ணாச்சி:
இரண்டு பேர் சொன்னதும் சரி, ஆனா மக்கா, இதில் ஒரு ஆபத்து இருக்கு. எல்லாத்துக்கும் "நிரூபிச்சியா, நிரூபிச்சியா" என்று கேட்டுக்கொண்டே இருந்தால் லாபம் பணம் வைத்திருப்பவனுக்குத்தான். சிகரெட்டுக்கும் நுரையீரல் கேன்சருக்கும் உள்ள தொடர்பு 1950இலேயே வெளியே வந்துவிட்டது, டால், ஹில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பிரிட்டனில் செய்த ஆய்வு. கம்பெனிக்காரர்கள் அதற்கப்புறமும் வருஷக்கணக்கில் "இன்னும் உறுதியாகவில்லை" என்றே இழுத்தார்கள். 1969இல் ஒரு அமெரிக்க சிகரெட் கம்பெனியின் உள்குறிப்பில் சந்தேகம்தான் தங்கள் சரக்கு என்றே எழுதியிருக்கிறார்கள். கரையில் குடியிருப்பவன் ஆய்வு பண்ண எங்கே போவான்? மண்ணைத் தோண்ட வருகிறவன்தான் ஆபத்து இல்லை என்று காட்டணும், பயப்படுகிறவன் தலையில் அந்தச் சுமையை வைக்கக் கூடாது.

தக்கலை_கணக்கு:
அண்ணாச்சி சொன்னதை முழுசா ஒத்துக்கொள்கிறேன். ஆபத்து இருக்கலாம் என்று சந்தேகித்துத் தடுப்பதற்கு உறுதியான எண் தேவையில்லை, அது வேறு வாதம். அந்த வாதத்தை அப்படியே நேராக வையுங்கள். "பல மடங்கு" என்று ஆதாரமில்லாத எண்ணை அதற்குள் செருகினால்தான் வினை.

கடியப்பட்டணம்காரன்:
நன்றி அண்ணே, சிஸ்டருக்கும். இன்று ராத்திரி மச்சானிடம் படத்தை எடுக்கச் சொல்கிறேன், கோபப்படுவார், பரவாயில்லை. சித்தப்பாவிடம் தொழிலாளர்களையும் குழந்தைகளையும் பற்றி என்ன இருக்கிறது என்று கேட்கிறேன். சிஸ்டர், வயசு சரிசெய்த மாவட்டக் கணக்கு எங்கே கிடைக்கும்?

குழித்துறை சிஸ்டர்:
தமிழ்நாட்டில் கேன்சர் பதிவேடு நடத்துகிறார்கள், அதன் அறிக்கையைத் தேடுங்கள். எடுக்கும்போது எந்த வருஷத்துக் கணக்கு என்று முதலில் பாருங்கள், ஆணும் பெண்ணும் தனித்தனியாக இருக்கும், இரண்டையும் கூட்டிவிடாதீங்க.