லாக் நேரத்தைச் சரியாகத்தான் சொன்னது, நான்தான் தப்பாகப் படித்தேன்

கும்பகோணம், சர்வீஸ் இன்ஜினியர்:
அந்த டீக்கடையைத் தாண்டும்போது இன்றும் தலை தானாகக் குனிகிறது. அதன் எதிரே உள்ள சென்டரில் 16 ஸ்லைஸ் சிடி ஸ்கேன் மெஷின். வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஸ்கேன் பாதியில் நிற்கும். லாகை, அதாவது மெஷின் தானே நேரத்தோடு எழுதிவைக்கும் பதிவை, இறக்கினால் பக்கம் பக்கமாகக் கேவி (எக்ஸ்ரே டியூபுக்குப் போகும் உயர் மின்னழுத்தம்) குறைவு, எக்ஸ்போஷர் (எக்ஸ்ரே பாய்வது) நிறுத்தம், நடுவே ஒன்றிரண்டு டியூப் ஆர்க் (டியூபுக்குள் மின்பொறி). டியூபும் பழசு. டியூப்தான் என்று சொல்லிவிட்டேன். பல லட்சம் போட்டு மாற்றினார்கள். ஒன்பதாம் நாள் மறுபடி நின்றது.

அப்புறம்தான் சிவப்பு வரிகளுக்கு மேலே கிடந்த சாதாரண எச்சரிக்கையைப் படித்தேன்: உள்வரும் மின்னழுத்தம் சரிவு. எல்லாமே 03:40-ஐ ஒட்டி. அந்நேரம் யார் ஸ்கேன் எடுப்பார்கள்? அந்த ஃபைல் யூடிசி (உலகப் பொது) நேரத்தில் எழுதுகிறது! நம் நேரத்துக்கு 5:30 கூட்டினால் காலை 9:10. மறுநாள் எதிரே டீக்கடையில் நின்றேன். சொன்ன நேரத்துக்கு பல்பு மங்கி எழுந்தது. "மில்லுக்கு நெல்லு வந்த அன்னைக்கு மோட்டார் போடுவாங்க சார், எங்களுக்குப் பழகிப்போச்சு" என்றார் கடைக்காரர்.

தஞ்சாவூர், பயோமெடிக்கல்:
குறை சொல்வதாக நினைக்க வேண்டாம், ஆனால் யூபிஎஸ் லாகை எடுத்திருந்தால் டியூப் தப்பித்திருக்கும். எங்களிடம் ஒருமுறை ஸ்டாஃப் நாலைந்து தடவை ரீஸ்டார்ட் போட்டு, பழைய வரிகள் மேல் புது வரிகள் ஏறி ஒன்றும் மிஞ்சவில்லை. அதனால் சொல்கிறேன்: முதலில் லாகைச் சேமியுங்கள், பிறகு ரீஸ்டார்ட். கன்சோல் (ஸ்கேனை இயக்கும் கணினி) கடிகாரத்தையும் கைபேசி நேரத்தையும் பக்கத்தில் வைத்து வித்தியாசத்தைக் குறியுங்கள். கேன்ட்ரி (நோயாளி உள்ளே போகும் வளையம்) ஒரு நேரம், கன்சோல் ஒரு நேரம் காட்டுவது சகஜம். நன்றாக ஓடிய ஒரு நாளின் லாகையும் எடுத்து வையுங்கள், எந்த எச்சரிக்கை தினமும் வந்துபோகும் வெறும் சத்தம் என்று தெரியும். வாட்ஸ்அப்பில் அனுப்பும் முன் நோயாளி பெயர் இருக்கிறதா என்று பார்த்து நீக்குங்கள். இதையெல்லாம் யாரும் செய்வதில்லை.

கும்பகோணம்:
யூபிஎஸ் கன்சோலுக்கு மட்டும்தான் சார். கேன்ட்ரி நேராக மெயினில். நம் பக்கம் பல சென்டரில் அதுதானே நிலைமை?

திருவாரூர் பக்கம்:
உங்களுக்கு மில் மோட்டார், எங்களுக்கு கஜா புயல். 2018 நவம்பர் 16 விடியற்காலை கரையைக் கடந்தது, அதற்கு முன்பே கரண்ட் போய்விட்டது. எம்ஆர்ஐ காந்தம் கரண்ட் இல்லாமலும் காந்தமாகத்தான் இருக்கும். ஆனால் கம்ப்ரஸர் நின்றால் கோல்டு ஹெட் (ஹீலியத்தைக் குளிராக வைக்கும் பாகம்) குளிர்விக்காது, உள்ளே மைனஸ் 269 டிகிரியில் இருக்கும் ஹீலியம் மெல்ல ஆவியாகும். கம்ப்ரஸருக்குக் குளிர்ந்த தண்ணீர் தரும் சில்லர் ஜெனரேட்டரில் எழவில்லை. டார்ச் வெளிச்சத்தில் மணிக்கொரு தரம் ஹீலியம் அழுத்தத்தை நோட்டில் எழுதினேன். ஏறிக்கொண்டே இருந்தது. ஆம்புலன்ஸ் டிரைவர் இரண்டு தண்ணீர் கேனில் டீசலோடு வந்து நின்றார், வேட்டி முழுக்கச் சேறு. சில்லர் எப்படி எழுந்தது என்பது வேறு கதை. பின்னால் லாகை இறக்கினால் அந்த இரவு ஒரே வெற்றிடம். நோட்டு மட்டும்தான் சாட்சி.

மயிலாடுதுறை, ரேடியோகிராஃபர்:
நீங்கள் எல்லாம் லாகை நம்புகிறீர்கள், நான் அதனால் திட்டு வாங்கியவள். ஐப்பசி அடைமழை, காவிரியில் கடைமுகம் நீராட வந்த கூட்டம் வேறு. எக்ஸ்ரே அறைக் கதவு மூடினால்தான் எக்ஸ்போஷர் போகும்; போகவில்லை. லாகில் 'கதவு திறந்துள்ளது' என்று பதினான்கு தடவை. "நீங்க கதவச் சாத்தலம்மா, லாக் பொய் சொல்லாது" என்றார் வந்த இன்ஜினியர், நோயாளி முன்னாலேயே. நான் சாத்தினேன்! அவர் கையாலேயே இழுத்துச் சாத்தச் சொன்னேன். சாத்தினார். பதினைந்தாவது வரி விழுந்தது. அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

தஞ்சாவூர்:
கதவு மூடியதை உணரும் ரீட் சுவிட்சாக இருக்கும். ஸ்பேர் ஆர்டர் போட்டீர்களா? அத்துடன் கேபிளையும்...

மயிலாடுதுறை:
ஸ்பேர் எல்லாம் இல்லை சார். மழையில் மரக்கதவு ஊதி, சட்டத்தில் முட்டி, ஒரு நூல் இடைவெளியில் நின்றுவிட்டது. ஆசாரி வந்து சட்டத்தை இழைப்புளியால் சீவினார். கூலியோடு ஒரு டீயும் கேட்டார்.