நாய் மூட்டுக்குக் கொடுக்கும் குளிசைகளை அளவுக்கு மீறித் தின்றுவிட்டது

கேள்வி (கோண்டாவில்)

வணக்கம். எங்கள் லாப்ரடோருக்கு 11 வயது, நிறை 28 கிலோ. பின்னங்கால்கள் விறைத்து விறாந்தைப் படி ஏறவே சிரமப்படுவதால், கனடாவில் இருக்கும் அக்கா அனுப்பிய குளுக்கோசமின், கொண்ட்ரோயிற்றின் சேர்ந்த சப்பித் தின்னும் குளிசைகளை நாளுக்கு இரண்டாகக் கொடுத்து வருகிறோம். இன்று பின்னேரம் நாங்கள் கோயிலுக்குப் போய் வருவதற்குள், மேசையில் இருந்த போத்தலை இழுத்து விழுத்தி, மூடியைக் கடித்துப் பிய்த்து, ஏறத்தாழ 60 குளிசைகளைத் தின்றுவிட்டது. இரண்டு தடவை சத்தி எடுத்தது. தண்ணீர்ச் சட்டியை விட்டு அகலாமல் குடித்துக்கொண்டிருக்கிறது. உப்புத் தண்ணீர் பருக்கினால் மிச்சமும் வெளியே வந்துவிடும் என்று அம்மா சொல்கிறார். பருக்கலாமா?

பதில் (கால்நடை வைத்தியர்)

உப்புத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். இவ்வளவு குளிசைகள் ஒரேயடியாகக் குடலுக்குள் போனால் அவை உடம்பிலுள்ள நீரை அங்கே இழுத்துக்கொள்ளும். உங்கள் நாயின் விடாய்க்கு அதுவே காரணமாக இருக்கலாம். அந்த நேரத்தில் உப்பையும் சேர்த்தால் இரத்தத்தில் சோடியம் ஏறி, நடுக்கமும் வலிப்பும் வரக்கூடும். தண்ணீரை மறிக்காதீர்கள், சிறிது சிறிதாக, அடிக்கடி வையுங்கள்.

இப்போதே போத்தலை எடுத்து, பின்புறத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் ஏனைய சேர்மானங்களை வாசியுங்கள். குளுக்கோசமினும் கொண்ட்ரோயிற்றினும் பெரும்பாலும் சத்தியோடும் வயிற்றோட்டத்தோடும் போய்விடும். எனக்குக் கவலை தருபவை அவற்றோடு கூட வருபவையே. மனிதருக்கான சப்பும் குளிசைகள் சிலவற்றில் இனிப்புக்காகச் சைலிற்றோல் சேர்ப்பதுண்டு. நாயின் நிறையில் கிலோவுக்கு 0.1 கிராம் போனாலே இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு விழுந்துவிடலாம். அரை மணித்தியாலத்துக்குள் தள்ளாட்டம் தொடங்கவும் கூடும். விற்றமின் டி, இரும்பு ஆகியவை இருக்கின்றனவா என்றும் பாருங்கள். தின்றது டைக்குளோபினாக் போன்ற வலிநிவாரணியாக இருந்திருந்தால் இரைப்பையும் சிறுநீரகமும் பழுதாகக்கூடும். போத்தலை மாறிப் பார்க்கவில்லை என்பதையும் உறுதிசெய்யுங்கள்.

இங்கே மறுமொழிக்குக் காத்திராமல் உங்கள் வைத்தியரை உடனே அழைத்து, நாயின் நிறை, தின்ற எண்ணிக்கை, ஒரு குளிசையில் உள்ள மில்லிகிராம், தின்ற நேரம் ஆகியவற்றைச் சொல்லுங்கள். போகும்போது போத்தலையும் கொண்டுபோங்கள்.

பதில் (மானிப்பாய்)

எங்கள் நாயும் இப்படித் தின்று, மறுநாளே வாலாட்டிக்கொண்டு சோறு தின்றது. இனி ஒன்றுமில்லை என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஆனாலும் வைத்தியர் விடாப்பிடியாக இரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். மூன்றாம் நாள், ஈரல் பாதிப்பைக் காட்டும் நொதியம் இரத்தத்தில் நன்றாக ஏறியிருந்தது. வெளியே எந்த அறிகுறியும் இல்லை. மருந்து கொடுத்து மூன்று கிழமையில் இறங்கியது. சத்தி நின்றுவிட்டதென்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. உப்புத் தண்ணீர் பருக்கவில்லை. சேர்மானங்களில் சைலிற்றோலோ விற்றமின் டியோ இரும்போ இல்லை. ஓட்டோவில் கொண்டுபோய்ச் சேலைன் ஏற்றினோம். மூன்றாவது சத்தியில் மூடியின் துண்டு ஒன்று, நகமளவு, கூரான விளிம்போடு வந்தது. போத்தலை வைத்துப் பொருத்திப் பார்த்தபோது இன்னொரு துண்டு குறைந்தது. அதற்காக நாளை எக்ஸ்றே எடுக்கச் சொல்லியிருக்கிறார். ஈரல் பரிசோதனை நாளையும், பின்னர் மூன்றாம் நாளும். இப்போது என் காலடியில் படுத்து நித்திரை கொள்கிறது.