புதுப்பிப்பு: 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' 5.1-இல் பாஸ் மெலிந்த சிக்கல் தீர்ந்தது

பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் இந்த ஆல்பத்தின் 2003 எஸ்.ஏ.சி.டி.யில் (உயர்தர ஒலி வட்டு), ஒலிப்பொறியாளர் ஜேம்ஸ் கத்ரியின் 5.1 மிக்ஸில் (ஐந்து ஸ்பீக்கர்களுக்கும் பாஸ் ஸ்பீக்கரான ஒரு சப்வூஃபருக்குமான ஒலிக்கலவை) பாஸ், அதாவது தாழ்ந்த ஒலி, ஸ்டீரியோவைவிட மெலிந்து கேட்டது. மிக்ஸே அப்படித்தானா?

இல்லை. பிளேயரையும் ரிசீவரையும் இணைத்த ஆறு அனலாக் கேபிள்களை விட்டு, எச்.டி.எம்.ஐ. என்ற ஒற்றை டிஜிட்டல் கேபிளுக்கு மாறச் சொன்ன யோசனைதான் பலித்தது. அனலாக் வழியில் என் ரிசீவர் பாஸைப் பிரித்து சப்வூஃபருக்கு அனுப்புவதே இல்லை. ஸ்பீக்கர்களை 'ஸ்மால்' (பாஸை சப்வூஃபருக்கு விடும் அமைப்பு) என்று வைத்திருந்தும் பயனில்லை. போதாததற்கு எல்.எஃப்.இ. சேனலும் (5.1-இல் பாஸுக்கென்றே உள்ள தனிச் சேனல்) 10 டெசிபல் குறைவாகப் போயிருந்தது.

செய்தது: பிளேயரில் எஸ்.ஏ.சி.டி. வெளியீட்டை டி.எஸ்.டி.யிலிருந்து (வட்டின் சொந்த டிஜிட்டல் வடிவம்) பி.சி.எம்.முக்கு (வழக்கமான டிஜிட்டல் வடிவம்) மாற்றினேன், வட்டில் 5.1 உள்ள 'மல்டிசேனல்' லேயரைத் தேர்ந்தேன், ரிசீவரில் கிராஸ்ஓவர், அதாவது எதற்குக் கீழுள்ள ஒலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லை, 80 ஹெர்ட்ஸ். தொடக்க இதயத்துடிப்பு இப்போது தரையிலிருந்து எழும்புகிறது.

எதிர்பாராத ஒன்று: பின் ஸ்பீக்கர்கள் நேர் முதுகுப்புறம் இருந்தன. நேர் முன்னாலிருந்து 110 டிகிரிக்கு, அதாவது காதுக்குச் சற்றே பின்னால், நகர்த்தியதும் 'டைம்' பாடலின் கடிகாரங்கள் தனித்தனிப் பொட்டுகளாக நிற்காமல் அறையைச் சுற்றி வளைத்தன. இந்த மாற்றத்துக்குக் காசே தேவையில்லை, முதலில் இதைச் செய்யுங்கள்.

2011 இம்மெர்ஷன் தொகுப்பிலுள்ள ஆலன் பார்சன்ஸின் (ஆல்பத்தை ஒலிப்பதிவு செய்த பொறியாளர்) குவாட் மிக்ஸைப் போடுபவர்கள் கவனிக்க: அது 4.0, அதாவது முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு ஸ்பீக்கர்களுக்கானது. சென்டரும் சப் சேனலும் மௌனமாக இருப்பது பழுதல்ல. துணிச்சலில் எனக்கு அதுவே ஒரு படி மேல். குரலின் தெளிவுக்குக் கத்ரி.