பிரம்மகமலம்: மொட்டு வருது, விரியுறதுக்குள்ள உதிருது

கேள்வி:
வணக்கம். 12 அங்குலத் தொட்டி, மூணு வருஷச் செடி. கிழக்குப் பார்த்த பால்கனி, காலை வெயில் ரெண்டு மணி நேரம் படும். செம்மண், மணல், மண்புழு உரம் சம அளவு. தினமும் ஒரு சொம்பு தண்ணீர். முதல் தடவையா ஏழு மொட்டு விட்டது. வீட்டுப் பெரியவங்க உட்கார்ந்து பார்க்கட்டும்னு தொட்டியைக் கூடத்துக்குள்ள வெச்சோம். அஞ்சு மொட்டு விரல் நீளம் வந்ததும் மஞ்சளாகி விழுந்துடுச்சு. மிச்ச ரெண்டைக் காப்பாத்த என்ன பண்ணணும்? எந்த ராத்திரி விரியும்னு முன்னாடியே தெரியுமா?

பதில் 1:
இடம் மாற்றியதுதான் முதல் காரணம். மொட்டு விட்ட பிறகு வெளிச்சமும் காற்றின் ஈரமும் சட்டென்று மாறினால் இந்தச் செடி மொட்டைத்தான் முதலில் கைவிடும். ஃபேன் காற்று நேராகப் பட்டால் இன்னும் மோசம். சின்னச் செடியில் ஏழு மொட்டு வந்தால் ஒன்றிரண்டு தானாகவே உதிரும், அதற்குக் கவலை வேண்டாம்.

தினசரித் தண்ணீர் இரண்டாவது காரணம். இது கள்ளி இனம். ஆனால் பாலைவனக் கள்ளி இல்லை. மெக்சிகோ, மத்திய அமெரிக்கக் காடுகளில் மரக்கிளை இடுக்கில், மக்கிய இலைச் சருகில் வேர்விட்டு வாழ்வது. அதனால் வேருக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்ததா என்று விரலை விட்டுப் பார்த்து, அடித்துளையில் வடியும் வரை ஊற்றுங்கள். மொட்டு இருக்கும்போது முழுக்கக் காயவும் விடக்கூடாது.

செம்மண் கலவை நாளாக நாளாக இறுகும். பூத்து முடிந்ததும் கோகோபீட் (தென்னை நார்த்தூள்) 2 பங்கு, தோட்ட மண் 1, மண்புழு உரம் 1, கரித்துண்டும் செங்கல் ஜல்லியும் சேர்த்து 1 என்று மாற்றுங்கள். இப்போது வேரைத் தொட வேண்டாம். அதே அளவுத் தொட்டி போதும், வேர் நெருக்கமாக இருந்தால்தான் நன்றாகப் பூக்கும்.

பதில் 2:
எந்த ராத்திரின்னு செடியே சொல்லும்ங்க. மொட்டு முதல்ல தலை கவிழ்ந்து தொங்கும். விரியுறதுக்குச் சில நாள் முன்னாடி காம்பு வளைஞ்சு, மொட்டு கொக்கி மாதிரி மேல நிமிரும். அன்னைக்குச் சாயங்காலம் மொட்டு உப்பி, வெளியில சுத்தியிருக்கிற இளஞ்சிவப்பு நரம்பு மாதிரி இதழ்கள் தளர்ந்து, நுனியில வெள்ளை தெரியும். தெரிஞ்சா அன்னைக்கு ராத்திரிதான்.

எட்டு மணிக்கு மேல கண்ணு முன்னாடியே விரியும், பத்து பதினொன்றுக்கு முழுசா இருக்கும். உள்ளே பாருங்க, மெல்லிசான மகரந்தக் காம்புகள் கூட்டமா வளைஞ்சு நிற்கும், நடுவுல நட்சத்திரம் மாதிரி வெள்ளைச் சூலகமுடி நீட்டிக்கிட்டு இருக்கும். என்ன ஒரு அழகு! வாசனை வீடு முழுக்க வரும். விடியறதுக்குள்ள வாடிடும்.

நுனி பிரிஞ்ச அந்தச் சாயங்காலம் தொட்டியைக் கூடத்துக்குக் கொண்டு போகலாம். அதுக்கப்புறம் உதிராது. பெரியவங்க உட்கார்ந்தே பார்க்கட்டும்.

பதில் 3:
இரண்டு விஷயம் சேர்க்கிறேன். யூரியா மாதிரித் தழைச்சத்து அதிகம் போனால் சாட்டை சாட்டையாகத் தண்டு நீளும், பூ வராது. பூத்து முடிந்த பிறகு மாதம் ஒரு கைப்பிடி மண்புழு உரம், எப்போதாவது இரண்டு ஸ்பூன் எலும்புத்தூள் போதும். மொட்டு வருவது தண்டின் ஓரப் பள்ளங்களில், மாவுப்பூச்சி அடைவதும் அங்கேதான். லிட்டர் தண்ணீருக்கு வேப்பெண்ணெய் 5 மி.லி., சோப்புக் கரைசல் சில துளி கலந்து மாலையில் தெளியுங்கள், மொட்டின் மேல் படாமல்.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. உத்தரகண்டின் மாநில மலரான பிரம்மகமலம் இமயமலைச் செடி, சூரியகாந்திக் குடும்பம். நம் வீட்டில் இருப்பது நிஷாகந்தி. 'பிரம்மகமல விதை' என்று விற்பதை வாங்க வேண்டாம். தெரிந்தவர் வீட்டில் அரை அடித் தண்டு வாங்கி, நிழலில் ஐந்தாறு நாள் வெட்டுவாய் காயவிட்டு, இரண்டு அங்குலம் ஊன்றினால் போதும்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். ஒரு மொட்டு இப்போவே கொக்கி மாதிரி நிமிர்ந்திருக்கு. இந்த நிலையில பால்கனிக்கே திருப்பி வைக்கலாமா?

பதில் 1:
வையுங்கள். முன்பு எந்தப் பக்கம் வெளிச்சத்தைப் பார்த்திருந்ததோ அதே பக்கமாக. தூக்கும் முன் மொட்டுள்ள தண்டை ஒரு மூங்கில் குச்சியோடு துணிநாடாவால் தளர்வாகக் கட்டிக்கொள்ளுங்கள், ஆட்டத்தில் காம்பு ஒடியும். இனி தினமும் மாலை ஐந்து மணிக்கு நுனியைப் பாருங்கள்.