நின்று பார்த்துவிட்டுப் போன கார்

விழுப்புரத்தான்:
போன மார்கழி, இரவு பதினொன்றரை. உளுந்தூர்பேட்டை தாண்டி விழுப்புரம் பக்கம் வந்துகொண்டிருந்தேன். முன்னால் போன வெள்ளைக் கார் ஒரு எக்ஸ்எல்காரரைத் தட்டிவிட்டது. எனக்குச் சத்தம்தான் கேட்டது. ஆனால் நூறு அடி தள்ளி அந்தக் காரின் பிரேக் லைட் எரிந்தது. பத்து நொடி இருக்கும். இறங்கப்போகிறான் என்றே நினைத்தேன். லைட் அணைந்தது, போயே போய்விட்டான். நம்பரைப் பார்க்கத் தோன்றவே இல்லை எனக்கு.

பெரியவருக்குக் கால் முறிவு, பிழைத்துக்கொண்டார். காரை மூன்றாம் நாள் பிடித்தார்கள். குடித்திருந்தானா என்று கேட்டேன். "மூணு நாள் கழிச்சு எதை ஊதச் சொல்றது?" என்றார் ஏட்டையா. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் தாண்டியிருந்தால்தான் அந்த வழக்கே. ஏறிய போதை மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம் தானாக இறங்கிவிடும். பத்து நொடியில் அவன் போட்ட கணக்கு இதுதான், வேறென்ன?

பழைய லாரிக்காரன்:
ஓடுகிறவனெல்லாம் குடிகாரன் என்று முடிவுகட்டாதீர்கள். 2009, கிருஷ்ணகிரி பக்கம். சைக்கிளோடு ஒரு பையன் என் வண்டி முன்னால் விழுந்தான். டீயைத் தவிர நான் எதுவும் குடிக்கவில்லை. இறங்கினால், ஒருத்தர் கையில் என் வண்டியின் சைடு கண்ணாடி, பிடுங்கியே விட்டார். ஏறி நேராக ஸ்டேஷனுக்குப் போய் நின்றேன். கூட்டம் அடிக்க வந்தால் அங்கே நிற்க முடியாது என்பதை மோட்டார் வாகனச் சட்டம் 134ஆவது பிரிவே ஒத்துக்கொள்கிறது. போலீஸில் சொல்லியாக வேண்டும், அவ்வளவுதான். பையனுக்குச் சிராய்ப்போடு போயிற்று.

நெல்லை அண்ணாச்சி:
2020இல் என் மச்சானை இடித்த வண்டி இன்னும் கிடைக்கவில்லை. கண் விழித்ததும் "வண்டி என்ன கலர்?" என்றார். யாருக்குத் தெரியும்?

சரி, எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கள். வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும் அதே சட்டத்தின் 161ஆவது பிரிவில் இழப்பீடு உண்டு. அப்போது பலத்த காயத்துக்கு வெறும் 12,500, உயிர் போனால் 25,000. 2022 ஏப்ரலில் இருந்து 50,000, இரண்டு லட்சம். எஃப்ஐஆர் நகலையும் ஆஸ்பத்திரிக் காகிதங்களையும் பத்திரமாக வையுங்கள். இடித்து உயிர் போய், சொல்லாமல் ஓடினால் பத்து வருடம் வரை ஜெயில் என்று புதுக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் போட்டார்கள். 2024 ஜனவரியில் லாரிக்காரர்கள் ஸ்டிரைக் செய்ததும் அந்த உட்பிரிவை மட்டும் நிறுத்திவைத்தார்கள். அதனால் டேஷ் கேமரா வாங்கி மாட்டுங்கள், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

விழுப்புரத்தான்:
அண்ணாச்சி, கார்தான் கிடைத்துவிட்டதே. லாரிக்கார அண்ணே, அங்கே கூட்டமே இல்லை. நான், பெரியவர், ரோடெல்லாம் அவர் விற்றது போக மீந்த கொய்யாப்பழம்.